அந்த மாத்திரைக்குப் பெயர் என்ன?



'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பார்கள். அளவோடு சாப்பிட்ட மாத்திரையும் சிலருக்கு நஞ்சாகும் என்பது எங்கள் வீட்டில் நடக்கும்வரை எனக்குத் தெரியாது.

என் அக்கா ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. லீவு போட்டால் சம்பளம் கட். காய்ச்சல் வந்தபோது, நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 'செட்' மாத்திரை வாங்கினாள். ஒரு வாரம் அதையே விழுங்கினாள். பத்தாம் நாள் கண் சிவந்தது, வாயெல்லாம் புண், முதுகில் தீப்பட்டது போலக் கொப்புளம். "அம்மை போட்டிருக்கு" என்று அம்மா வேப்பிலை சொருகினாள். இரண்டு நாள் வீணாயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"ஒண்ணு மஞ்சளுங்க, ஒண்ணு வெள்ளைங்க" என்றாள் அம்மா. குடும்பத்தில் முதலில் படிக்க வந்த நானும் அதற்குமேல் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நோயின் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். அபூர்வமானதுதான். ஆனால் சல்ஃபா மருந்துகள், வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், பெனிட்டாயின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சில வலி மாத்திரைகள் ஆகியவற்றால் வரலாம். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய நான்கு வாரத்துக்குள் வரும். முற்றினால் தோல் தாள் தாளாக உரியும். அமெரிக்காவிலிருந்து கொல்கத்தா வந்திருந்த அனுராதா சாகா, 1998-ல் இந்த வகை நோயில்தான் இறந்தார். சிகிச்சையில் தவறு நடந்தது என்று உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது 2013-ல்தான். அவர் கணவரே டாக்டர். டாக்டர் வீட்டுக்கே அந்தக் கதி என்றால் கூலிக்காரர் வீட்டுக்கு?

அக்கா பிழைத்துக்கொண்டாள். வெளிச்சம் பட்டால் இன்றும் கண் கூசுகிறது.

ஒர்க் ஷாப்பில் ஒரு போல்ட்டுக்குக்கூட சைஸ் பார்க்கிறோம். உடம்புக்குள் போகும் மாத்திரைக்குப் பெயர் கேட்கிறோமா? சீட்டில்லாமல் கத்தரித்துக் கொடுப்பது கடைக்காரர் தப்பு. காய்ச்சலோடு வேலைக்கு வரவைப்பது காண்டிராக்டர் தப்பு. கேட்காமல் வாங்குவது படித்த நம் தப்பு.

அட்டையோடு வாங்குங்கள், பில் கேளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வேண்டாம். மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலோடு கண், வாய், தோல் புண்ணானால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு! ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுதிப் பர்ஸில் வையுங்கள். மருந்தின் பக்க விளைவை நாமே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

நம் வீட்டில் பெயர் படிக்கத் தெரிந்தவர் நாம்தானே. படிப்போமா?

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்