கண்யார்களியும் நம்மவரும்

விஷு கழிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் வேனிற்காலத்தில், பாலக்காட்டு மாவட்டத்து ஆலத்தூர், சித்தூர் வட்டங்களிலுள்ள பகவதி கோயில்களில் கண்யார்களி நடைபெறும். நம் இல்லத்தார் பலர் கொட்டு முழக்கத்தை வீட்டிலிருந்தே கேட்டு உறங்கிவிடுகின்றனர். அவ்வாறு செய்யலாகாது என்பதே இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது.

பந்தலின் நடுவே விளக்கு எரியும். அதனைச் சுற்றி ஆடுவது வட்டக்களி, அது வழிபாடு. அதன்பின் வருவது புறாட்டு. ஆட்டமும் பாட்டும் நகைச்சுவை உரையாடலும் கலந்த இசை நாடகம் அது. ஆடுவோர் கூலிக்கு வேடம் கட்டுபவர் அல்லர். பெரும்பாலும் அவ்வூர் நாயர் குடும்பத்து ஆடவர். பகலில் ஏடு எழுதும் கை, இரவில் குறத்தியின் வளையலை அணிகிறது. வெளியூரில் பணிபுரிவோர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஆடுகின்றனர்.

பாட்டுகளில் பல தமிழ். சில தமிழும் மலையாளமும் கலந்தவை. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர், மூத்தோர் வாய்வழிக் கேட்டு, நம் மொழிப் பாட்டைக் காத்து வருகின்றனர். இது நாம் மகிழ வேண்டிய செய்தி.

ஆனால், இனிப்போடு ஒரு கசப்பும் உண்டு. புறாட்டில் வரும் மாந்தர் குறவர், மலைவாழ் மக்கள், வயலில் உழைத்த எளியோர் முதலானோர். அவர்தம் நடையையும் பேச்சையும் கண்டு சபை சிரிக்கிறது. வாளையாற்றைக் கடந்து வந்த நம் முன்னோரும், இடுக்கித் தோட்டங்களுக்கு மலையேறி வந்தோரும் பிழைப்பு நாடி வந்தவர்களே. அச்சிரிப்பு நம்மீதும் சிறிது தெறிக்கத்தான் செய்கிறது. "நம்மைப் பழிக்கும் ஆட்டத்துக்கு நாம் ஏன் போக வேண்டும்?" என்று இளைஞர் கேட்பது நியாயமே.

எனினும், நகைச்சுவை இசை நாடகத்தின் இயல்பு இரட்டையானது. நம் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியைக் காணாது அலையும் சிங்கனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவன் ஏக்கமும் நம்மைத் தொடுகிறது. 1888இல் லண்டனில் அரங்கேறிய கில்பர்ட், சல்லிவன் இருவரின் 'தி யோமன் ஆஃப் தி கார்ட்' நாடகத்தில், எல்லோரையும் சிரிக்க வைத்த விதூடகன் காதலியை இழந்து இறுதியில் சாய்ந்து விழுகிறான். பாலக்காட்டிலேயே பாணர் ஆடும் பொறாட்டு நாடகத்திலும் குறவனும் குறத்தியும் வருகின்றனர். அங்கே ஆடுவோர் தாமே தாழ்த்தப்பட்டிருந்தவர். ஆதலால் அச்சிரிப்பின் பொருள் வேறு. வேடம் ஒன்றே, அணிபவர் யார் என்பதே வேறுபாடு.

ஆகவே, அன்பர்களே, பிள்ளைகளுடன் சென்று அமருங்கள். தமிழ்ச் சொற்களின் பொருளைப் பக்கத்திலிருப்போர்க்கு நீங்கள் சொல்லுங்கள். மலையாளச் சொற்களின் பொருளை அவர்களிடம் கேளுங்கள். ஒரு கேலி மனத்தைப் புண்படுத்தினால், மறுநாள் ஆடியவரிடமே அன்போடு எடுத்துரையுங்கள். ஆண்டுதோறும் வந்து அமரும் அண்டை வீட்டாரின் சொல்லுக்குச் செவி சாய்ப்பார்கள். வீட்டில் உறங்கியவர் மனத்தாங்கலை எவர் அறிவார்?