சினிமாவுக்கு வெளியேயும் பாட்டு இருக்கு!

வீட்டுக்கு வந்த விருந்தாளி "ஒரு பாட்டு பாடு கண்ணு" என்று கேட்டால், குழந்தை பாடுவது அநேகமாக சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும். அது யார் பாட்டு என்று கேட்டால், "ரஜினி பாட்டு", "விஜய் பாட்டு" என்று நடிகரின் பெயர்தான் முதலில் வரும். இசையமைப்பாளர் அடுத்து. எழுதியவரும் பாடியவரும் அதற்கும் பின்னால்.

ஆனால், சினிமாவில் வராத பாட்டு தமிழ்க் காதுகளுக்குப் புதிதல்ல. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு ஒலிக்கும் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும், டி.எம்.சௌந்தரராஜன் பாடிய எத்தனையோ முருகன் பாடல்களும் எந்தப் படத்திலும் வந்தவை அல்ல. 1970-களில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றவர்களின் பொப் பாடல்கள் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்து, இங்கே கல்யாண வீடுகள் வரை நுழைந்தன. இளையராஜாவே 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்ற தனி இசைத் தொகுப்பைக் கொடுத்தார். கேசட் காலத்தில் இதற்கெல்லாம் 'தனிப்பாடல்' என்று பெயர். இன்று 'இன்டி' என்கிறார்கள்.

இன்டி என்றால் என்ன?

இன்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம்தான் இன்டி. படத்தின் கதைக்காகவோ, ஹீரோவின் அறிமுகக் காட்சிக்காகவோ இல்லாமல், ஒருவர் தான் பாட நினைத்ததைத் தானே எழுதி, இசையமைத்து, வெளியிடுவது. ஒரு லேப்டாப், ஒரு மைக், சத்தம் வராத ஓர் அறை இருந்தால் பதிவு செய்துவிடலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற செயலிகளில் பாட்டைச் சேர்க்க, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தரும் இணைய நிறுவனங்களும் உண்டு.

படத்துக்காக எழுதப்படாததால், சினிமா அதிகம் தொடாத விஷயங்களும் இங்கே பாட்டாகின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அதற்கு நல்ல உதாரணம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் முயற்சியும் இசைக்கலைஞர் டென்மாவின் இசையும் சேர்ந்து உருவான இந்தக் குழு, கானா, பறை, ராப், ராக் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றியது. சாதியைப் பற்றி நேருக்கு நேராகப் பாடியது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் அந்தக் குழுவின் இசைவாணி பாட வந்தார். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், யாஞ்சனின் மிருதங்கத்தோடு ராப் பாடுகிறார். மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006-ல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பம்தான், தமிழில் ராப் என்றால் என்னவென்று இங்கே பலருக்கும் காட்டியது. கையில் கிட்டார், சொந்த வரிகள் என்று எளிமையாகப் பாடும் கபேர் வாசுகிக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது.

விசிட்டிங் கார்டா, வீடா?

இந்தப் பாதையில் வருபவர்களை சினிமா சீக்கிரமே கூப்பிட்டுக்கொள்கிறது. ஹிப்ஹாப் ஆதி 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வெளியிட்டார். 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார். நண்பர்களோடு தனிக்குழு நடத்திய ஷான் ரோல்டன் 2014-ல் சினிமா இசையமைப்பாளர் ஆனார். 2024-ல் 'கட்சி சேர', 'ஆச கூட' என்று இரண்டு தனிப்பாடல்கள் வெளியிட்ட சாய் அபயங்கரை, அடுத்த சில மாதங்களிலேயே பட வாய்ப்புகள் தேடி வந்தன.

இதில் தவறு ஏதும் இல்லை. வாடகை கட்ட வேண்டும், வாத்தியம் வாங்க வேண்டும். ஆனால், எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்காது. சினிமாவுக்குப் போக விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தனிப்பாடலை மட்டும் நம்பி வாழ முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு நாளைக்கு மூன்று முறை

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' நினைவிருக்கும். தீயும் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிய தன் முன்னோர்களின் கதையை அறிவு அதில் கொண்டுவந்தார். யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்ட பாட்டு அது. அப்படிப்பட்ட பாட்டிலிருந்தே தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நாடே பாடிய பாட்டுக்கு இந்த நிலை என்றால், நூறு பேர் மட்டும் கேட்ட பாட்டுக்கு?

அங்கே கணக்கு இன்னும் கறார். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு, கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி கிடைக்கும். 2024 முதல் இதுதான் விதி. அதாவது, ஒரு நாளைக்குச் சுமார் மூன்று முறை. அதுவும் 30 விநாடிகளாவது ஓடினால்தான் 'கேட்டது' என்று கணக்கில் வரும். சும்மா தட்டிப் பார்த்துவிட்டு 20-வது விநாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவினால், அது கணக்கிலேயே இல்லை.

இசைச் செயலிகளில் தினமும் சுமார் 1 லட்சம் புதுப் பாடல்கள் சேர்கின்றன என்று பெரிய இசை நிறுவனங்களின் தலைவர்கள் 2022-லேயே சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் பெயர் தெரியாத ஒருவரின் பாட்டை யாராவது தேடிப் போனால்தான் உண்டு.

எப்படித் தேடுவது?

* செயலி தானாகத் தருவது, ஏற்கெனவே கேட்டதன் சாயலைத்தான். பாட்டியின் சுப்ரபாதமும் பேரனின் ராப்பும் ஒரே போனில் ஓடினால் அதுவும் குழம்பிப்போகும். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டால் பரிந்துரைகள் கொஞ்சம் பொருத்தமாக வரும்.

* 2015 ஜூலை முதல் உலகின் பல நாடுகளில் புதுப் பாடல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றன. ஸ்பாட்டிஃபையின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலும் வெள்ளிதோறும் புதுப்பிக்கப்படும். 'டிஸ்கவர் வீக்லி' திங்கள்கிழமை. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

* பிடித்த பாட்டின் 'கிரெடிட்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் பெயர்கள் இருக்கும். அதில் ஒரு பெயரைத் தட்டினால் இன்னும் நான்கு பாட்டு கிடைக்கும். புதியவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

* பிடித்திருந்தால் கலைஞரைப் பின்தொடருங்கள். பாட்டைச் சொந்தப் பட்டியலில் சேருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதாக இருந்தால், யார் பாட்டு என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

* காசு கொடுத்து வாங்க விரும்பினால் 'பேண்ட்கேம்ப்' தளம் இருக்கிறது. டிஜிட்டல் ஆல்பத்தின் விலையில் 15 சதவிகிதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக, மீதி கலைஞருக்கே.

* ஊரில் சின்னக் கச்சேரி நடந்தால் டிக்கெட் வாங்கிப் போங்கள். ஐம்பது பேர் உட்காரும் கஃபேயில், பாடுபவரின் முகத்தைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே கேட்பது தனி சுகம்.

எல்லாப் புதுப் பாட்டும் நன்றாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பத்தில் ஏழு பிடிக்காமல் போகலாம். சினிமாப் பாட்டிலும் அந்தக் கணக்குதானே? மீதி மூன்றில் ஒன்று, வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கும் பாட்டாகிவிட்டால் லாபம்தான். இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு பாட்டை ஆளுக்கொன்றாகப் போட்டுக் காட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை: பிடிக்காவிட்டாலும் 30 விநாடிக்கு முன்னால் நிறுத்தக் கூடாது!