மசாலாவுக்கு ஒரு கணக்கு, மூச்சுக்கு ஒரு கணக்கா?

2024 ஏப்ரலில் இரண்டு இந்திய நிறுவனங்களின் மசாலாப் பொடிகளை ஹாங்காங் விற்பனையிலிருந்து நிறுத்தியபோது, எத்திலீன் ஆக்சைடு என்ற பெயர் நம் அடுப்பங்கரை வரை வந்தது. நாடே பதறியது. அதே வாயுவை வைத்து மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஊழியர்கள் ஷிப்ட் முழுக்க எதைச் சுவாசிக்கிறார்கள் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்டாக வேண்டும். இந்த வாயு வெளியேறுவதை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் விதி கொண்டுவந்தது. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் சுமார் 40 கிருமிநீக்க ஆலைகளுக்கு அதிலிருந்து இரண்டாண்டு விலக்கு கொடுத்துவிட்டார். தேவையான தொழில்நுட்பம் இன்னும் கைக்கு வரவில்லையாம்! கைக்கு வராததையா அந்த முகமை விதியாக எழுதியது?

வெளியே போகும் வாயுவுக்கே இந்தச் சலுகை. அறைக்குள் நிற்பவருக்கோ, பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று 1984இல் வைத்த வரம்புதான் அங்கே இன்றும் சட்டம். இதன் லேசான இனிப்பு வாசனை மூக்கில் படவே அதைப்போல் சில நூறு மடங்கு வாயு காற்றில் இருக்க வேண்டும். வாசனை வந்தால் ஓடிவிடலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

நான் விடாமல் சொல்லிவரும் கணக்கு ஒன்று உண்டு. ஃபின்லாந்து மருத்துவமனைகளில் கர்ப்ப காலத்திலும் கிருமிநீக்கப் பணி செய்த பெண்களிடையே கருச்சிதைவு 16.7 சதவீதம், அப்பணியில் ஈடுபடாத கர்ப்பங்களில் 5.6. மூன்று மடங்கு! வயது, புகை, மது, காபி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு நின்றது எத்திலீன் ஆக்சைடோடுதான்; ஃபார்மால்டிஹைடோடு அல்ல, குளூட்டரால்டிஹைடோடும் அல்ல. இது வெளிவந்தது 1982இல். புற்றுநோய்க் காரணி என்று உலகம் முத்திரை குத்தியது 1994இல். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கருவிகளுக்குத் தட்டுப்பாடு வரும் என்பது ஆலைக்காரர்களின் பல்லவி. அமெரிக்காவில் ஆண்டுக்கு 2,000 கோடி கருவிகள் இந்த வாயுவில்தான் சுத்தமாகின்றன என்பது உண்மை. நாற்பது ஆண்டு மாற்று தேடாமல் இருந்துவிட்டு இப்போது நோயாளியை முன்னால் நிறுத்துகிறார்கள்.

நம் மருத்துவமனைகளும் ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு) மெஷின்களை அடுத்த பட்ஜெட்டுக்குள் மூட்டை கட்டட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா இருக்கிறது. மெல்லிய நீளக் குழாய்களுக்குள் அது சரியாகப் போகாது என்பார்கள்; அதற்கு மாவட்டத்துக்கு ஒரு தனி மையம் போதும். அதுவரை, அந்த மெஷின் ஓடும் அறைச் சுவரில் வாயுமானி இல்லாத மருத்துவமனை எதற்கும் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது.