இரண்டு நிமிடந்தானே!

"இரண்டு நிமிடந்தானே, பிள்ளை காரிலேயே இருக்கட்டும்." நம் வட்டாரத்துப் பெட்ரோல் நிலையங்களில் நாள்தோறும் காதில் விழும் பேச்சு இது. சொல்லுகிறவர் கொடியவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போய், நிரை முடித்து, பால் நிறுத்து, வீடு திரும்பிக் குளித்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிற நம் தோழராக அவர் இருக்கலாம். ஆபீசில் செக்ரோல் கணக்கை முடித்துவிட்டு வருகிற கிராணியாராகவும் இருக்கலாம். நாமும் அப்படிச் சொன்னவர்கள்தாம். ஆகவே எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்காக எழுதுகிறோம்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கண்ட காட்சியைச் சொல்லுகிறோம். புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்கு வருவோரும், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போவோருமாகச் சாலை நிறைந்திருந்த நாள். பெட்ரோல் நிலையம் ஒன்றில், பம்பில் உள்ள மைகார்டு கருவி வேலை செய்யவில்லை. தாய் ஒருவர், பிள்ளைகளுக்குக் குளிர்காற்று வரட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு, இருவரையும் பின் இருக்கையில் இருத்திவிட்டுக் கவுண்டருக்குப் போனார். அவருக்கு முன்னே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். மூத்தவனுக்கு ஐந்து வயதிருக்கும். முன் இருக்கைக்குத் தாவினான். ஸ்டியரிங்கைப் பிடித்துக் கார் ஓட்டினான். கியரில் கை வைத்தான். பக்கத்துப் பம்பில் நின்ற பெரியவர் பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். பயந்த பிள்ளை உள்ளிருந்தபடியே கதவைப் பூட்டிவிட்டான்.

தாய் ஓடி வந்தார். சாவி உள்ளே, பிள்ளைகள் உள்ளே, பெற்றவள் வெளியே. கெஞ்சியும் கொஞ்சியும் கதவைத் திறக்க வைப்பதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு கேடும் நேரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கைநடுக்கம் நாம் புறப்படும்வரை அடங்கவில்லை. இரண்டு நிமிடம் என்று நினைத்த வேலை அது!

காரில் விடுவதே சரி என்போரின் வாதத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையம் பிள்ளைகள் ஓடியாடும் இடமன்று. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் நாலு பக்கமும் திரும்பும். குட்டைப் பிள்ளை வண்டியோட்டியின் கண்ணில் படாது. பெட்ரோல் ஆவியோ காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையை ஒட்டிப் படர்வது. நமக்கு இடுப்பளவில் நிற்கும் ஆவி பிள்ளைக்கு மூக்களவில் நிற்கும். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. மேலும், இடுப்பில் ஒன்று, தூக்கத்தில் ஒன்று, கையைப் பிடித்து ஒன்று என்று மூன்று பிள்ளைகளை ஒற்றையாளாக எப்படி இறக்கி ஏற்றுவது? இவை யாவும் நியாயமான பேச்சே.

ஆகவே, பெட்ரோல் நிரப்பும்போது பிள்ளை கதவடைத்த காருக்குள் இருப்பதே நல்லது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அப்போது நாம் ஓரடி தள்ளி, பிள்ளையின் கண்ணுக்கு எதிரே நிற்கிறோம். கேள்வி அதுவன்று. பணம் கட்டவும், மைகார்டைக் காட்டவும், தண்ணீர் போத்தல் வாங்கவும் நாம் நகர்ந்துபோகிறோமே, அந்த நேரத்தைப் பற்றியதே கேள்வி.

இன்ஜினை ஓடவிட்டுப் போகலாமா? கூடாது. நிரப்புமிடத்தில் இன்ஜினை நிறுத்து என்று பம்புதோறும் படம் ஒட்டியிருப்பது அழகுக்காக அன்று. பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடியது என்றால், நம் நாட்டு வெயிலில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, திருடன். ஓடுகிற இன்ஜினும் ஆளில்லாத இருக்கையும் அவனுக்குத் தாம்பூலம் வைத்து அழைத்தது போல. அவன் காரைத்தான் பார்க்கிறான். பின் இருக்கையில் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதில்லை. காரோடு பிள்ளையும் போன நிகழ்ச்சிகள் நம் நாட்டிலும் உண்டு, வெளிநாடுகளிலும் உண்டு. கார் போனால் இன்னொரு கார் வாங்கலாம்.

அப்படியானால் இன்ஜினை நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போகலாமா? அதுவும் கூடாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. இவை அவர்கள் கண்டவை. வெளியே 32 பாகை அடிக்கும் நம் ஊரில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரியவர் உடம்பைவிடப் பிள்ளை உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும் என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் மட்டும் 1998 முதல் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 37 பிள்ளைகள் கார்ச் சூட்டில் மாண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெரியவர்களின் மறதியால் மாண்டவர்கள். ஆயினும், தெரிந்தே விட்டுப்போனதால் மாண்டவர்களும் உண்டு.

"நிலையத்தில் கூரை நிழல் இருக்கிறதே" என்று ஒரு தோழர் கேட்டார். உண்மை, கூரைக்குக் கீழே இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை வெந்துபோய்விடாது. ஆனால் நடப்பது என்ன? பெட்ரோல் நிரப்பியதும் காரைக் கூரைக்கு வெளியே, கடையோரத்து வெயிலில் நிறுத்துகிறோம். காசு எடுக்கும் இயந்திரத்தில் ஒரு வரிசை, கழிவறையில் ஒரு வரிசை, தெரிந்தவர் ஒருவரோடு நாலு வார்த்தை. இரண்டு நிமிடம் என்பது கடிகாரத்தில் உள்ள கணக்கன்று. நம் மனத்தில் உள்ள கணக்கு.

ஆக, இன்ஜின் ஓடினால் தீயும் திருடனும், நின்றால் சூடு. இரண்டில் எதையும் நம் பிள்ளைக்குக் கொடுக்க நாம் தயாராக இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2001ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தக்க கண்காணிப்புக்கு வழி செய்யாமல் பிள்ளையை விட்டுப்போவதைக் குற்றமாக்குகிறது. 2016-ல் செய்த திருத்தத்தால் அதற்குரிய தண்டனை 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று உயர்ந்தது. ஆனால் தொழிலாளர் குடும்பத்துத் தாய் ஒருத்தியைச் சட்டம் வந்து பிடிக்கும் நாள் வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

கார் இல்லாத தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் வாசகர்களில் பலருக்கு காப்சாய்தான் வாகனம். அதன் எண்ணெய்த் தொட்டி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இருக்கையைத் தூக்க வேண்டுமானால் பிள்ளையை இறக்க வேண்டும். இறங்கிய பிள்ளை எங்கே நிற்கிறது? தொட்டியின் வாய்க்கு நேரே, அப்பாவின் தலைக்கவசத்தை அணைத்துக்கொண்டு, ஆவியை மூக்கால் இழுத்துக்கொண்டு நிற்கிறது. நிரப்புமுன் பிள்ளையைச் சில அடி தள்ளி, வண்டி வராத பக்கமாக, நம் கண் பார்வையில் நிறுத்துங்கள். புல்வெட்டும் இயந்திரத்துக்காகக் கேனில் பெட்ரோல் வாங்கும் நாளில் பிள்ளையை அழைத்துப் போகவே வேண்டாம்.

பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்பது நமக்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டிய பாடமன்று. இருட்டோடு பால்மரம் சீவப் போன நம் தாய்மார் கைக்குழந்தையை லயத்தில் தனியே பூட்டிவிட்டுப் போகவில்லை. ஆயாக் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஒழுகும் கூரையும் ஒற்றைத் தொட்டிலுமாகச் சில கொட்டகைகள் இருந்தன என்பது வேறு கதை. ஆயினும் ஓர் ஆயா அங்கே இருந்தாள். ஒரு கண் பிள்ளையின்மேல் இருந்தது. தோட்டத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் வேண்டும் என்பது தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்திலும் ஏறியிருக்கிறது. வேலை செய்கிற தாயின் பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எளிய நியாயமே அது.

இன்று நிலைமை மாறிவிட்டது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. லயத்தைவிட்டுத் தாமான்களுக்குக் குடிபோன குடும்பங்கள் பல. பக்கத்து வீட்டு அத்தையும் இல்லை, எதிர்வீட்டுப் பாட்டியும் இல்லை. அதனாலேயே தாய் போகுமிடமெல்லாம் பிள்ளைகளும் காரில் போகிறார்கள். எனவே, "பொறுப்பில்லாத தாய்" என்று ஏசிவிட்டு அப்பால் போவோருடன் நாம் சேரமாட்டோம்.

நிலைய உரிமையாளர்களையும் எண்ணெய்க் கம்பெனிகளையும் நாம் கேட்க வேண்டியது உண்டு. ஒரு காலத்தில் பம்புக்குப் பக்கத்தில் ஒரு தொழிலாளி நின்றார். நாம் காரைவிட்டு இறங்கவே வேண்டியதில்லை. பெட்ரோலும் ஊற்றினார், பணமும் வாங்கினார், கண்ணாடியும் துடைத்தார். சுயசேவை என்ற பெயரில் அவரை எடுத்துவிட்டு, அவர் வேலையை நம் தலையில் கட்டினார்கள். அவர் கூலியும் போயிற்று, அவர் கண்ணும் போயிற்று. பிறகு 2025 செப்டம்பர் 30 முதல், ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்கள் மைகார்டைக் காட்டி ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு வாங்கும் திட்டம் வந்தது. ஏழை எளியவர்க்கு அது நன்மையே. ஆனால் பம்புக் கருவி பழுதான இடத்தில் ஒவ்வொருவரும் மைகார்டோடு கவுண்டருக்கு நடக்க வேண்டும். அந்த நடையில்தான் பிள்ளை தனியே நிற்கிறது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். பம்பில் உள்ள கருவிகள் பழுதானால் அன்றைக்கே சீர்செய்யப்பட வேண்டும். கைக்குழந்தையோடு தனியே வருபவர், முதியவர், உடல் ஊனமுற்றவர் ஆகியோர் இறங்காமலே பெட்ரோல் பெற ஒவ்வொரு நிலையத்திலும் பம்படியில் ஒரு தொழிலாளி இருக்க வேண்டும். அவருக்கு முறையான சம்பளமும், ஆபத்து வேளையில் என்ன செய்வது என்ற பயிற்சியும் கொடுக்கப்பட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். இருவர் போனால் ஒருவர் பிள்ளையோடு இருங்கள். தனியே போனால் பம்பிலேயே பணம் கட்டும் நிலையத்தைத் தேடுங்கள். கைப்பேசிச் செயலி தெரியாதவருக்குத் தெரிந்த இளைஞர்கள் கற்றுக்கொடுங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கவுண்டருக்குப் போயே ஆக வேண்டுமானால், வரிசை நீளமோ குட்டையோ, மழையோ வெயிலோ, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். நிரப்பும்போது தீப்பற்றினால் குழாயைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பெட்ரோல் சிதறித் தீ பரவும். குழாயை அப்படியே விட்டு, பிள்ளைகளை இறக்கிக்கொண்டு விலகி ஓடி, பம்பை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுங்கள்.

இத்தனையும் நினைவில் நில்லாவிட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாம் பம்படியில் நிற்கும்வரை பிள்ளை காருக்குள் இருக்கட்டும். நாம் நகர்ந்தால் பிள்ளையும் நம்மோடு நகரட்டும்.

நிரையில் ஒரு மரம் தப்பிப்போனால் நாளைக்குச் சீவிக்கொள்ளலாம். செக்ரோலில் ஒரு கணக்குத் தப்பினால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். பிள்ளை விஷயத்தில் அப்படித் திருத்திக்கொள்ள இடமில்லை. அடுத்த முறை "இரண்டு நிமிடந்தானே" என்ற சொல் நாவில் வரும்போது, தோழர்களே, கதவைத் திறந்து பிள்ளையின் கையைப் பிடியுங்கள். அதற்கு ஒரு நிமிடங்கூட ஆகாது.