இடைவேளை இல்லாத தியேட்டர்

'மெய்யழகன்' படத்தை எங்கள் வீட்டில் நான்கு இரவுகளில் பார்த்து முடித்தோம். முதல் இரவு, கார்த்தி திரையில் வருவதற்குள்ளேயே மகன் எழுந்துவிட்டான். அவனுக்கு நாலு வயசு. தூங்கப் போடுவதற்கு யாராவது ஒருவர் உள்ளே போனால், போனவரும் அவனோடு தூங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டாவது இரவு எனக்கு பத்து மணிக்கு பெங்களூரு டீமுடன் கால். மூன்றாவது இரவு மனைவிக்குத் தலைவலி. நான்காவது இரவு க்ளைமாக்ஸ் ஓடும்போது நான் டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

படமோ, ஊரைவிட்டுப் போன ஒருத்தன் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வந்து, பெயர்கூட ஞாபகம் வராத ஒரு சொந்தக்காரனோடு ஒரே ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருப்பது பற்றியது. ஒரே ராத்திரியில் நடக்கும் கதையை நான்கு ராத்திரி பார்த்தால் என்ன ஆகும்? கதை புரிந்தது. அவ்வளவுதான். அதே படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த என் ஆபீஸ் நண்பர் அடுத்த நாள் ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு போன் போட்டுப் பேசினாராம், ஆறு வருஷத்துக்கு அப்புறம். நான் யாருக்கும் போன் போடவில்லை. பாத்திரம் அடுக்கினேன்.

இயக்குநர் பிரேம்குமாரின் முந்தைய படம் '96'-க்கும் இதே மாதிரி ஒரு கதி வந்தது ஞாபகம் இருக்கும். 2018 அக்டோபர் 4 அன்று வெளியான படம், தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நவம்பர் 6, தீபாவளி அன்று சன் டிவியில் போட்டுவிட்டார்கள். த்ரிஷாவே வருத்தப்பட்டு ட்வீட் போட்டார். அன்று அது அநியாயமாகத் தெரிந்தது. இன்று பெரிய படங்களுக்கே அதுதான் கணக்கு. 'ஜெயிலர்' தியேட்டருக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 10. ப்ரைமில் வந்தது செப்டம்பர் 7. சரியாக 28 நாள். 'மாஸ்டர்' 2021 பொங்கலுக்கு வந்து 16 நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. வடஇந்திய மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரமாவது காத்திருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் 'லியோ' இந்தியில் அந்தப் பெரிய சங்கிலித் தியேட்டர்களுக்கு வராமலே போனது. தமிழ் தயாரிப்பாளர்களுக்கு நாலு வாரம் போதும். பெற்றோர்களான நமக்கும் அது வசதிதான். நாலு வாரம் என்பது வீட்டில் துணி மடித்து வைக்காத இரண்டு வார இறுதி, ஒரு பிறந்தநாள் பார்ட்டி, ஒரு ஜலதோஷம். கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

அப்புறம் ஏன் தியேட்டருக்குப் போகவேண்டும்? போன முறை போனதற்கு நான் போட்ட கணக்கு இது. வியாழக்கிழமை முதல் காட்சி, டிக்கெட் 25 டாலர், ஒன்பது வயசு மகளுக்கும் அதே விலை. ஆக 75. ஆன்லைன் கட்டணம் ஆறு. பாப்கார்ன், ஜூஸ் 28. சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஒரு காலேஜ் பெண், நாலு மணி நேரத்துக்கு நூறு. மொத்தம் 209 டாலர். அந்தப் பணத்தில் ஒரு வருஷத்துக்கு ஓடிடி வாங்கிவிடலாம் என்று மனைவி சொன்னாள். ஏற்கெனவே மூன்று வாங்கி வைத்திருக்கிறோம் என்பதையும் அவளே சொன்னாள். சென்னையில் அரசு வைத்திருக்கும் உச்சவரம்பால் பெரும்பாலான மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டே சுமார் 200 ரூபாய்க்குள்தான். இதை ஊரில் இருக்கும் அக்காவிடம் சொன்னால் சிரிப்பாள் என்பதால் சொல்லவில்லை.

பே ஏரியாவில் நமக்கு முன்னால் வந்தவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. ஃப்ரீமாண்டில் 'நாஸ் 8' இருந்த காலத்தைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டு மாமா இன்னும் பேசுவார். எங்கிருந்தோ நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்து சமோசா, டீயோடு படம் பார்த்துவிட்டுப் போவார்களாம். சான் ஹோசேயில் தி அலமேடா தெருவில் 'டவுன் 3' என்ற பழைய தியேட்டரில் நம் படங்கள் ஓடியிருக்கின்றன. நான் இங்கே எம்.எஸ். படிக்க வந்தது 2011-ல். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வந்தபோது தமிழ்நாட்டில் தடை. அதற்கு முன்பே கமல் அதை டி.டி.ஹெச்-சில் ஒருநாள் முன்னதாக வெளியிடப் போகிறேன் என்று சொல்லி, தியேட்டர்காரர்கள் கொதித்து, அதைக் கைவிட்டிருந்தார். இப்போது நினைத்தால் அந்தச் சண்டை எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது! தமிழ்நாட்டில் பிப்ரவரி 7 அன்றுதான் படம் வந்தது. அமெரிக்காவில் நாங்கள் ஜனவரி கடைசியிலேயே பார்த்துவிட்டோம். மதுரையில் இருந்த நண்பர்கள் எல்லாம் ஸ்கைப்பில் கதை கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஊரைவிட இங்கே சினிமா முன்னால் வந்தது. ஒரு ரூமில் ஐந்து பேர் தங்கி, ராமென் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது என்ன ஒரு பெருமை!

இப்போது அந்த அலைச்சல் இல்லை. ஈஸ்ட்ரிட்ஜ், மெர்காடோ என்று வழக்கமான பெரிய மல்டிபிளெக்ஸ்களிலேயே தமிழ்ப் படம் ஓடுகிறது. சமோசாதான் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் மறக்கவே முடியாத படம் பார்த்தது தியேட்டரில் இல்லை. 2020 நவம்பர். விமானம் கிடையாது, விசா ஆபீஸ் திறக்கவில்லை, அப்பாவுக்கு அப்போதே சர்க்கரை, இதயம் என்று எல்லாம் இருந்தது. 'சூரரைப் போற்று' நேராக ப்ரைமில் வந்தது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை; மதுரையில் தீபாவளி காலை பத்து மணி. வீடியோ காலைப் போட்டு வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, ப்ளே" என்று சொல்லி இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். அவர்கள் பக்கம் இரண்டு செகண்ட் முன்னால் ஓடியது. அப்பா சிரித்த பிறகு இங்கே ஜோக் வரும்.

படம் பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார். மகன் விமான நிலையத்தில் டிக்கெட்டுக்குக் காசு போதாமல் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் கையேந்துகிறான். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தக் காட்சி அவர்கள் பக்கம் இரண்டு செகண்ட் முன்னால் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் "தண்ணி குடிச்சிட்டு வரேம்ப்பா" என்று எழுந்து போனார். அம்மா கேமராவைப் பார்க்கவே இல்லை. நானும் பார்க்கவில்லை. யாரும் பாஸ் பண்ணவில்லை.

அப்பா இப்போது இல்லை. அந்தப் படம் தியேட்டரில் வந்திருந்தால் நாங்கள் அதைச் சேர்ந்து பார்த்திருக்கவே முடியாது. ஆகவே ஓடிடியால் சினிமா செத்துப்போச்சு என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

ஆனால் அந்த அப்பாதான் எனக்குத் தியேட்டர் பைத்தியத்தை ஊட்டியவர். மதுரை தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரன் ஒவ்வொருவனும் சொல்வான், நானும் சொல்வேன். அங்கே டிக்கெட் எடுக்கப் போய் சட்டை கிழிந்த கதையை அப்பா குறைந்தது இருபது முறை சொல்லியிருப்பார். படத்தின் கதையை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை.

சரி, குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். தமிழ்ப் பள்ளி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: படம் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தமிழ் வருமா? என் அனுபவத்தில், தமிழ் கற்றுக்கொடுக்க வீடுதான் நல்லது. நிறுத்தலாம், "கொழுந்தனார்னா யாரு?" என்று கேட்டால் பதில் சொல்லலாம், திரும்பப் போடலாம். தியேட்டரில் இது எதுவும் நடக்காது. அங்கே நான் கவனித்தது வேறு. வசனம் முடிவதற்கு ஒரு நொடி முன்னாலேயே ஆங்கில சப்டைட்டில் திரையில் வந்துவிடுகிறது. அதனால் ஜோக் வரும்போது முதலில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும், அது இங்கே பிறந்த பிள்ளைகள், படித்துச் சிரிக்கிறார்கள். அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு, அது நாம், கேட்டுச் சிரிக்கிறோம். இந்த இரண்டு சிரிப்பு இடைவெளியைக் கேட்ட முதல் நாள் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. என் பெண் என் தோளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் வேறு ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனாலும் இரண்டு சிரிப்பும் ஒரே இருட்டில்தான் கேட்கின்றன. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே யோசிக்கும் பெண், இருநூறு பேர் தன் வீட்டு பாஷையில் விசில் அடிப்பதைப் பார்க்கிறாள். வீட்டு சோஃபாவில் அதை என்னால் ஏற்பாடு செய்ய முடியாது.

இதற்காக எல்லாப் படத்துக்கும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தவன். பெயர் வேண்டாம், ஒரு பெரிய நடிகர் படம். ஊரில் யு/ஏ என்று போட்டிருந்தார்கள், போனேன். தலை உருளும் இடத்தில் மகள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். ஒரு வாரம் எங்கள் ரூமில்தான் தூங்கினாள். தப்பு முழுக்க என்னுடையது. எழுந்து வெளியே வந்திருக்கலாம், 25 டாலரை நினைத்து உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் சான்றிதழ் வாங்குவது கட்டாயம் இல்லை. நம் படங்கள் பெரும்பாலும் எந்த முத்திரையும் இல்லாமல்தான் இங்கே வருகின்றன. பிரிட்டனில் அப்படி இல்லை, அங்கே ஒவ்வொரு படத்துக்கும் வயது போட்டுத்தான் திரையிட முடியும். 2025 ஆகஸ்டில் 'கூலி'க்கு இந்தியாவில் 'ஏ' கொடுத்தார்கள். தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் மாறவில்லை. சென்னையில் என் அக்காவால் பன்னிரண்டு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. இங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஏழு வயசுப் பிள்ளையோடு போய்விட்டு வந்தது.

அதனால் இப்போது நான் செய்வது இது: டிக்கெட் எடுக்கும் முன்னால் இந்தியச் சான்றிதழைப் பார்க்கிறேன். 2024 கடைசியிலிருந்து யு/ஏ-வையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், நமக்கு ரொம்ப உபயோகம். 13+ என்றால் நானும் நண்பர்களும் மட்டும். வெட்டு குத்துப் படமாக இருந்தால் நானும் 28 நாள் காத்திருக்கிறேன். ரத்தம் சின்னத் திரையில் சின்னதாகத் தெரிந்தால் போதும். ஆனால் ரெண்டு பேர் உட்கார்ந்து பேசும் படம், குடும்பப் படம், பாட்டுப் படம் இவற்றைத்தான் தியேட்டரில் பார்க்கிறோம். உலகம் நேர்மாறாகச் செய்கிறது என்று தெரியும். வெடிகுண்டுக்கு ஐமேக்ஸ், பேச்சுக்கு சோஃபா என்பார்கள். வெடிகுண்டு வெடிக்கும்போது நான் போனை எடுப்பதில்லை. ரெண்டு பேர் மெதுவாகப் பேசும்போதுதான் கை போனுக்குப் போகிறது. என் கையைக் கட்டிப்போட ஒரு இருட்டு தேவைப்படுகிறது.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். அப்பா போனதற்கு அப்புறம் தியேட்டர் பக்கமே போகாதவர். "இருபத்தஞ்சு டாலரா? அதுக்கு ஊர்ல ஒரு மாசத்துக்கு மளிகை வாங்கலாம்ப்பா" என்று முனகிக்கொண்டேதான் வந்தார். நடு வரிசையில் அவர், பக்கத்தில் என் மகள், அப்புறம் நான். திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. அம்மா உடனே எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, பாத்ரூமுக்குக் கிளம்பிவிட்டார். இங்கே இடைவேளை என்று எழுத்து மட்டும்தான் வரும், படம் நிற்காது என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மகள் கூடவே ஓடிப்போய் வழிகாட்டிவிட்டு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டாள். அம்மா வருவதற்குப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

வந்து உட்கார்ந்ததும், "என்னடி நடந்துச்சு? அந்தப் பொண்ணு ஏன் அழுவுறா?" என்று கேட்டார்.

வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் மகள், அப்பத்தா காதருகே குனிந்தாள். "அந்த மாமா இருக்காங்கல்ல, அவங்க பொய் சொன்னாங்க. அப்புறம் அந்த அக்காவோட... அக்காவோட அம்மா கண்டுபிடிச்சிட்டாங்க" என்று ஆரம்பித்து, வார்த்தை கிடைக்காத இடத்தில் கையை ஆட்டி, விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா "அடிப்பாவி!" என்றார். முன் வரிசையில் ஒருத்தர் திரும்பிப் பார்த்து "ஷ்ஷ்" என்றார்.

நான் மகளைப் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை.