எறும்பு எழுத்து போதும்!

மாலை 6 மணி. மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடும் குமாஸ்தா ஒருவர், ஸ்டேஷன் வாசல் கடையில் நிற்கிறார்.

"அண்ணாச்சி! சுகர் இருக்கறவங்க சாப்பிடற மாதிரி பிஸ்கட் இருக்கா?"

"பாக்கெட்லயே போட்டிருக்கும் சார், பார்த்து எடுத்துக்குங்க!"

பாக்கெட்டைத் திருப்புகிறார். கண்ணாடியை ஏற்றுகிறார், இறக்குகிறார். பின்பக்கம், மடிப்பு ஓரத்தில், எறும்பு ஊர்வது போல எழுத்து. ரெயில் ஊதிவிட்டது. கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்.

குமாஸ்தா மேல் குற்றம் இல்லை. கடைக்காரர் மேலும் குற்றம் இல்லை. எழுதவேண்டியதை ஒளித்து எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

கணக்குப் பாடமா?

சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டே ஆகவேண்டும். 2020-ம் ஆண்டு விதிகள் ஒரு நாள் கணக்கும் வைத்திருக்கின்றன. சேர்க்கும் சர்க்கரை 50 கிராம், உப்பு 5 கிராம். அதில் ஒரு தடவை தின்பது எத்தனை சதவீதம் என்றும் போடவேண்டும்.

ஆனால் பாக்கெட்டில் இருப்பது உப்பு அல்ல, "சோடியம்". 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? வாய்ப்பாடு சொல்லிக்கொண்டா மிக்சர் வாங்க முடியும்?

அதுவும் இங்கிலீஷ் அல்லது இந்தியில் இருந்தால் போதுமாம். மற்ற மொழி கம்பெனியின் இஷ்டம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் கிழவிக்கு தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும் என்றால், அந்தக் கட்டம் வெறும் கட்டம்தான்!

கெடு மேல் கெடு

2022 செப்டம்பரில் நட்சத்திரம் போடலாம் என்று உணவு பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. நல்ல சரக்கு கொஞ்சம் சேர்த்தால், சர்க்கரைக்கு விழுந்த கெட்ட மார்க் குறைந்து நட்சத்திரம் ஏறிவிடும்! 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறை கொழுப்பு அளவைத் தடித்த எழுத்தில், பெரிதாகப் போடும் யோசனைக்கு ஆணையம் ஒப்புதல் தந்தது. முன்பக்க எச்சரிக்கை கேட்ட வழக்கில், 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு 3 மாதம் கெடு வைத்தது. ஜூலையில் மேலும் 3 மாதம் கொடுத்தது.

தடித்த எழுத்து நல்லதுதான். ஆனால் பின்பக்கத்திலேயே தடித்து என்ன பயன்?

பச்சைப் புள்ளி பாடம்

சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்பு அடையாளம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறார். புள்ளி வந்ததால் பிஸ்கட் வியாபாரம் படுத்தா போய்விட்டது?

சிலி நாட்டில் 2016-ல் இருந்தும், மெக்சிகோவில் 2020-ல் இருந்தும், சர்க்கரையோ உப்போ அளவு மீறினால் பாக்கெட் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை விழுகிறது. "அதிகம்" என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறது.

இங்கே மட்டும் ஏன் முடியாது?

பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இருப்பதும் அதே பாக்கெட்தான். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு என்ன தின்கிறோம் என்று தெரியவேண்டும். அதிகாரிகள் நட்சத்திரம் எண்ணியது போதும். முன்பக்கம் எச்சரிக்கை போடச் சொல்லுங்கள். தமிழிலும் போடச் சொல்லுங்கள்!