இணையக் கடைக்கும் மாதிரி பார்ப்போம்



கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், பண்ருட்டி, சிதம்பரம் என நம் கடைவீதிகளில் இன்று சிலர் சொந்தமாக இணையதளம் அமைத்து மளிகையும் முந்திரியும் விற்கிறார்கள். காலத்துக்கேற்ற முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் அதில் ஒரு பழக்கம் நம்மைக் கவலை கொள்ளச் செய்கிறது.

மொத்த வியாபாரிகளாகிய நாம் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் சரக்கு இறக்குவதில்லை. எடைக்கல் முத்திரை பெறாமல் தராசுக்கு வருவதில்லை. இணையக் கடையில் மட்டும் என்ன நடக்கிறது? விலையோ வரியோ மாற வேண்டுமென்றால் தளத்தை அமைத்துக் கொடுத்தவருக்கு ஒரு போன் போடுகிறோம். அவர் விற்பனை நடந்து கொண்டிருக்கும் தளத்திலேயே நேரடியாகப் புரோகிராமைத் திருத்திவிடுகிறார். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது தராசைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்வதற்கு இது ஒப்பாகும்.

இதன் விளைவுக்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்று போதும். 12.12.2014 அன்று மாலை, 'ரீப்ரைசர் எக்ஸ்பிரஸ்' என்ற விலை மாற்றும் புரோகிராமில் ஏற்பட்ட கோளாறால், அமேசான் மூலம் விற்ற சிறு வியாபாரிகள் பலரின் சரக்குகள் ஒரு பென்னி விலைக்கு இறங்கின. ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். பெரும்பாலான ஆர்டர்கள் ரத்து செய்யப்பட்டாலும், அதற்குள் கிடங்கிலிருந்து கிளம்பிய சரக்கு கிளம்பியதுதான். கிறிஸ்துமஸ் வியாபாரத்தை நம்பியிருந்த குடும்பக் கடைகள் இதில் அடிபட்டன.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 1.2.2018 அன்று இ-வே பில் கட்டாயம் என அறிவித்தார்கள். முதல் நாளே அந்த இணையதளம் திணறியதால் தள்ளிவைத்து, மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு 1.4.2018 முதல்தான் நடைமுறைப்படுத்தினார்கள். அரசால் தேதியைத் தள்ளிவைக்க முடிந்தது. நாம் தவறான விலையில் பணம் வாங்கிவிட்டால் யாரிடம் போய்த் தவணை கேட்பது?

இதற்கு வழி எளியது. கடையின் நகல் ஒன்றை நம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட விடலாம். சிறு கடைகள் பலவும் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் கொண்டு அமைந்தவை. அவற்றை நம் கம்ப்யூட்டரில் இயக்கத் தேவையானவை 'எக்ஸாம்ப்' என்ற இலவசத் தொகுப்பில் கிடைக்கின்றன. 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற முகவரியில் திறந்தால் நம் கடை அப்படியே தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. அங்கே திருத்தி, பில் போட்டுப் பார்த்து, சரியென்ற பின்னரே உண்மைத் தளத்தில் ஏற்ற வேண்டும்.

பில் போட்டுப் பார்க்க வேண்டியவர் யார்? நாமேதான். புரோகிராம் எழுதுபவருக்கு வியாபார நுணுக்கம் தெரிய வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது. 18.7.2022 முதல் லேபிள் ஒட்டிய பொட்டல அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி. அதற்கு மேல் வரி இல்லை. 26 கிலோ மூட்டை எதனால் வந்தது என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? ஆகவே 25 கிலோவுக்கு ஒரு பில், 26 கிலோவுக்கு ஒரு பில் போட்டுப் பாருங்கள். 22.9.2025 முதல் நெய்க்கு வரி 12லிருந்து 5 ஆகவும், குளியல் சோப்புக்கு 18லிருந்து 5 ஆகவும் குறைந்தது. இவற்றுக்கும் ஒவ்வொரு பில் போட்டுப் பாருங்கள்.

முக்கியமானது எம்.ஆர்.பி. அது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. 'இடும் விலையில் வரி சேர்ந்துள்ளதா' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்துவிட்டால், 100 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட பொருளுக்குத் தளம் 105 ரூபாய் வாங்கிவிடும். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது குற்றம். 'கம்ப்யூட்டர் செய்த தவறு' என்று எடையளவு ஆய்வாளரிடம் சொல்லித் தப்ப முடியாது.

சில எச்சரிக்கைகளும் தேவை. நகலில் பணம் செலுத்தும் வசதியைச் சோதனை முறையில் வைக்க வேண்டும். இல்லையேல் உண்மைப் பணம் போய்விடும். வாடிக்கையாளருக்குத் தானாகச் செல்லும் மின்னஞ்சல்களையும் நிறுத்திவிட வேண்டும். திருத்தியதை ஏற்றுமுன் உண்மைத் தளத்தைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நகலின் தகவல் தொகுப்பை மொத்தமாக உண்மைத் தளத்தின் மேல் ஏற்றவே கூடாது. இடையில் வந்த ஆர்டர்கள் எல்லாம் அழிந்துவிடும். திருத்திய புரோகிராமை மட்டும் ஏற்றி, விலை, வரி மாற்றங்களைத் தளத்தில் தனியே பதிய வேண்டும். அதையும் வியாபாரம் குறைந்த நேரத்தில் செய்து, உடனே ஒரு பில் போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பார்கள் சிலர். பத்து பில் போட்டுப் பார்க்க அரை மணி போதும். தவறான விலையில் ஆர்டர் எடுத்த நூறு பேருக்கு சமாதானம் சொல்ல எத்தனை நாள் ஆகும்?

நம் சங்கம் இதில் முன்வர வேண்டும். கடலூரில் ஒரு நாள், சிதம்பரத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்து, எந்தெந்தப் பில்களைப் போட்டுச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியலை உறுப்பினர்களுக்கு அச்சிட்டு வழங்கலாம். தளம் அமைப்பவரோடு ஒப்பந்தம் போடும்போதே, 'நகலில் சோதித்து, உரிமையாளர் ஒப்புதல் தந்த பிறகே ஏற்றுவேன்' என்ற ஒரு வரியை எழுதி வாங்குங்கள். பெரிய நிறுவனங்களோடு போட்டியிட நம்மிடம் இருப்பது நாணயம் ஒன்றுதான். அதை ஒரு புரோகிராம் பிழைக்குப் பறிகொடுக்க வேண்டாம்.